எழுபது வளைவுகளும் ஐந்து வேளையும்

 



நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியே சென்றால் கொல்லிமலையின் அடிவாரத்தில் காரவள்ளி என்னும் சிற்றூர் வரும். சமவெளி அங்கே முடிகிறது. அங்கிருந்து மலைப்பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளாக வளைந்து வளைந்து மேலேறுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. மேலே மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளைகின்றன. மலைமீது ஓடும் ஐயாறு, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கை என்னும் அருவியாக விழுகிறது. அந்த அருவியின் காலடிக்குப் போக வண்டிப்பாதை கிடையாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளைக் கால்நடையாக இறங்கித்தான் அடைய வேண்டும். அத்தனையையும் ஏறித்தான் திரும்ப வேண்டும்.

பள்ளி விடுமுறை வந்தால் நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு எழுகிறது. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். "இப்படி ஊர் சுற்றுவது மார்க்கத்தில் ஆகுமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ஆகும் என்பதே பதில். பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று பாருங்கள் என அழைப்பது திருமறையேயாகும் (29:20). ஒட்டகத்தையும் வானத்தையும் நிலத்தையும் பார்க்கத் தூண்டும் அல்ஃகாஷியா அத்தியாயம், மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்க்கச் சொல்கிறது (88:17-20). அல்லாஹ் பார்க்கச் சொன்னதைப் பார்ப்பது எப்படிக் குற்றமாகும்?

ஆனால் பார்வையிலும் இருவகை உண்டு. ஒன்று மாட்டின் பார்வை. பசுமையைக் கண்டால் அதற்கு மேய்ச்சல் நினைவு மட்டுமே வரும். மற்றொன்று முஃமினின் பார்வை. நின்றும் இருந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைத்து, இறைவா, இதை நீ வீணாகப் படைக்கவில்லை என்று உருகுவோரைத் திருமறை புகழ்கிறது (3:191). அருவிக்குப் போகும் நமக்கு இவற்றுள் எந்தப் பார்வை என்பதைக் காரவள்ளியிலேயே, முதல் வளைவு திரும்புமுன்னரே, முடிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே வண்டியைச் சற்று நிறுத்தி நிய்யத்தைச் சரிசெய்து கொள்ளுங்கள். "யா அல்லாஹ்! உன் படைப்பைக் கண்டு உன்னை அறியவும், என் குடும்பத்தாரை மகிழ்விக்கவும் போகிறேன்" என்று உள்ளத்தில் எண்ணிவிட்டால், ஏறும் ஒவ்வொரு வளைவும் நன்மையின் கணக்கில் சேரும் என்று ஆதரவு வைக்கலாம்.

இப்படி நிய்யத் வைத்ததற்கு அடையாளம் என்ன? தொழுகைதான்! அதைத் தவிர வேறில்லை.

ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக் கொள்வோம். ஸுப்ஹைத் தொழுதுவிட்டு, கட்டுச்சோறும் ஜமுக்காளமுமாக வேனில் புறப்படுகிறார்கள். ஒன்பது மணிக்குக் காரவள்ளி. வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி, தலைசுற்றல். ஆங்காங்கே நின்று மேலே சேரப் பதினொன்று. படி இறங்கி அருவியைக் காணும்போது நண்பகல். குளிர்ந்த நீரைக் கண்ட பிள்ளைகள் வெளியே வர மறுக்கிறார்கள். லுஹருக்கு நேரம் இருக்கிறது, மேலே போய்த் தொழலாம் என்று தகப்பனார் எண்ணுகிறார். மூன்று மணிக்குப் படியேறத் தொடங்குகிறார்கள். இறங்க அரை மணி ஆன இடத்தில் ஏற ஒரு மணிக்கு மேல் ஆகிறது. பாட்டியார் பத்துப் படிக்கு ஒருமுறை உட்காருகிறார். மேலே வந்தபோது லுஹர் கைநழுவி அஸர் வந்துவிட்டது. பசி! சோற்றுப் பொட்டலம் பிரிகிறது. பிறகு ஓட்டுநர் அவசரப்படுத்துகிறார். இருட்டினால் வளைவுகளில் இறங்குவது கடினம் என்கிறார். வண்டி மீண்டும் காரவள்ளியை அடையும்போது மக்ரிபும் நுழைந்துவிட்டது.

பார்த்தீர்களா? இந்தக் குடும்பத்தில் தொழுகையை மறுப்பவர் ஒருவருமில்லை. எவரும் வேண்டுமென்று விடவில்லை. ஆயினும் இரண்டு பர்ளுகள் அந்த மலையிலேயே போய்விட்டன!

எவருக்கு அஸர் தவறிப்போகிறதோ அவர் தம் குடும்பத்தையும் செல்வத்தையும் பறிகொடுத்தவர் போன்றவர் என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். குடும்பத்தை மகிழ்விக்கப் பணம் செலவழித்துப் போனவர், குடும்பத்தையும் பணத்தையும் ஒருசேர இழந்தவரைப் போலத் திரும்புவதா? தொழுகை முஃமின்களுக்கு நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பது திருமறையின் தீர்ப்பு (4:103). மலை மீது ஏறினால் அந்தக் குறிப்பு மாறிவிடாது.

"பயணத்தில் சலுகை உண்டே!" என்று சிலர் கேட்கலாம். உண்டு, ஆனால் எந்தப் பயணத்தில்? கஸ்ருக்கு உரிய தூரம் சுமார் 80 கிலோமீட்டர். கணக்கிடுவதில் மத்ஹபுகளிடையேயும் ஆலிம்களிடையேயும் வேறுபாடு உண்டு. தூரம் கணக்கிடுவது ஒருவழிப் பயணத்துக்கே. போகவர இரண்டையும் கூட்டக் கூடாது. ஆகவே நாமக்கல், சேந்தமங்கலம், இராசிபுரம் ஊராருக்குக் கொல்லிமலை அருவி சலுகைக்குரிய பயணமே ஆகாது. அவர்கள் நான்கு ரக்அத்தை நான்காகவே, அந்தந்த நேரத்திலேயே தொழ வேண்டும். நாள் முழுதும் அலைந்தோம் என்பது சட்டத்தை மாற்றாது. தொலைதூர ஊர்களிலிருந்து வருவோருக்கு ஷாஃபிஈ மத்ஹபில் சுருக்கவும் சேர்க்கவும் வழியுண்டு. ஹனஃபீ மத்ஹபில் சுருக்குதல் உண்டு. ஹஜ்ஜில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் சேர்த்துத் தொழுதல் இல்லை. புறப்படுமுன் உங்கள் பள்ளி இமாமிடம் ஊரையும் தூரத்தையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வெள்ளிக்கிழமையைப் பற்றியும் ஒரு சொல். ஷாஃபிஈ மத்ஹபின்படி ஜுமுஆ கடமையானவர், வழியில் ஜுமுஆ கிடைக்கும் என்ற உறுதியின்றி, அன்று ஸுப்ஹு நேரம் வந்தபின் பயணம் புறப்படலாகாது. ஆகவே மலைக்கு வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். மூவர் பயணம் புறப்பட்டாலும் ஒருவரை அமீராக்கிக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அபூதாவூதில் காண்கிறோம். குடும்பப் பயணத்துக்கும் ஓர் அமீர் வேண்டும். அவருடைய கைக்கடிகாரமே அன்று அனைவருக்கும் கடிகாரம். வண்டி பேசும்போதே, "லுஹருக்கும் அஸருக்கும் நிறுத்த வேண்டும்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். அவர் எந்தச் சமயத்தவராயினும், முன்கூட்டிச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார். கடைசி நேரத்தில் கேட்டால்தான் சிக்கல். நண்பகலுக்கு முன்பே அருவிக்கு இறங்கி, லுஹர் நேரத்துக்குள் நிச்சயம் மேலே வந்து சேரும்படி ஏறத் தொடங்குங்கள். லுஹரைத் தொழுத பிறகு உணவு. அஸர் நேரம் நுழைந்ததும் மேலேயே ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டு வண்டி ஏறுங்கள். அல்லது சூரியன் சாயுமுன் காரவள்ளியை அடையும்படி இறங்கி அங்கே தொழுங்கள். பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்ற நபிமொழியை (புகாரி) அனுபவித்து உணர இதைவிட நல்ல இடம் ஏது? பிறருடைய தோட்டமானால் அனுமதி கேட்டுத் தொழுங்கள். மக்கள் நடக்கும் வழியை அடைத்துத் தொழாதீர்கள்.

கிப்லா திசையைப் படி இறங்குமுன்பே குறித்துக் கொள்வது நல்லது. கொல்லிமலையிலிருந்து கஃபா, நேர் மேற்கிலிருந்து சுமார் 20 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. பள்ளத்தாக்கில் இறங்கிய பின் வெயிலும் திசையும் புலப்படா.

இன்னொரு மஸ்அலாவையும் அறிந்துகொள்ளுங்கள். மலை இடுக்குகளில் சூரியன் முன்னேரத்திலேயே முகட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். அது மக்ரிபு அன்று! அடிவானத்தில் சூரியன் மறைவதே கணக்கு. கிழக்கே உள்ள மலையுச்சிகளில் வெயில் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை சூரியன் மறையவில்லை என்பதை ஃபிக்ஹு நூல்கள் தெளிவுபடுத்துகின்றன. நோன்பு வைத்திருப்பவர் அவசரப்பட்டுத் திறந்துவிடக் கூடாது. அஸர் தொழாதவர், நேரம் போய்விட்டது என்று எண்ணிக் கைவிட்டுவிடவும் கூடாது. இன்னும் அவகாசம் இருக்கலாம், உடனே தொழட்டும்.

இனி வளைவுகளுக்கு வருவோம். அன்ஜஷா என்பவர் பாடிக்கொண்டே ஒட்டகங்களை விரைவாக ஓட்டினார். அவற்றின்மீது பெண்கள் இருந்தனர். கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு செல்கிறாய், மெதுவாகப் போ என்ற பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). 70 வளைவுகளில் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வேகம் காட்டும் இளைஞர்களே! இந்த ஹதீஸ் உங்களுக்கே சொன்னது போல் இல்லையா? வளைவில் ஒலி எழுப்புங்கள். மேலேறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். சாலை வீரம் காட்டும் இடமன்று.

நாங்கள் மேடேறினால் தக்பீரும், பள்ளத்தில் இறங்கினால் தஸ்பீஹும் சொல்வோம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). காரவள்ளியிலிருந்து ஏறும்போது "அல்லாஹு அக்பர்". அருவிப் படிகளில் இறங்கும்போது "ஸுப்ஹானல்லாஹ்". மூச்சிரைக்கத் திரும்பி ஏறும்போது மறுபடியும் "அல்லாஹு அக்பர்". உயரத்தில் நிற்கும்போது நாம் பெரியவர் என்ற எண்ணம் வரும். அவனே பெரியவன் என்று நாவு சொல்ல வேண்டும். தாழ்ந்து இறங்கும்போது, எல்லாத் தாழ்வுகளையும் விட்டுத் தூயவன் அவன் என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். படிகளை எண்ணுவதற்குப் பதிலாகத் திக்ரை எண்ணிக்கொண்டே வந்துவிடுவார்கள்.

படிகளில் மனைவியின் கையைப் பிடித்து இறக்குங்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் சிலர், ஒளு முறிந்துவிடுமே என்று தயங்கி விலகி நடக்கிறார்கள். சகோதரரே, ஒளு முறிந்தால் மறுபடியும் செய்துகொள்ளலாம்; கால் முறிந்தால் என்ன செய்வீர்? அருவியளவு தண்ணீர் அருகில் இருக்கும்போது ஒளுவுக்கா பஞ்சம்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடி மகிழ்வித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. சுமை தூக்கவும் சோறு பரிமாறவும் மட்டுமே பெண்களை அழைத்துச் சென்று, தாம் மட்டும் குளித்துக் களித்துத் திரும்புவது அந்தத் தூதரின் வழியன்று.

அருவியின் அடியில் நிற்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக் கொள்ளாதீர்கள் என்று அல்லாஹ் தடுக்கிறான் (2:195). நீர் விழும் பாறையில் பாசி படர்ந்திருக்கும். கால் வைத்தால் வழுக்கும். இங்கே வெயில் காய்ந்தாலும், மேலே காட்டில் மழை பெய்தால் வெள்ளம் திடீரென இறங்கிவிடும். தண்ணீர் கலங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ அந்த நொடியே கரையேற வேண்டும். வெள்ளக் காலத்தில் அதிகாரிகள் வழியை அடைத்தால், கெஞ்சியோ கைக்கூலி கொடுத்தோ உள்ளே போக முயலாதீர்கள். கைபேசியில் படம் எடுப்பதற்காகப் பாறை விளிம்பில் பின்னுக்கு நகரும் பிள்ளையைக் கண்டும் சிரித்துக்கொண்டிருக்கும் பெற்றோர், தம் பொறுப்பைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்பட மாட்டார்களா? இருதய நோயும் மூட்டு வலியும் உள்ளவர்கள் மேலேயே தங்கி, பறவைகளின் ஓசையைக் கேட்டுத் தஸ்பீஹ் ஓதட்டும். அதுவும் நன்மையே.

அவ்ரத்தைப் பேணுவதும் அங்கே கடமைதான். ஆண்களுக்குத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி மறைய வேண்டும். நனைந்து ஒட்டி உடலைக் காட்டும் மெல்லிய வேட்டியும் மறைப்பாகாது. அந்நிய ஆடவர் நிறைந்த இடத்தில் நம் பெண்கள் அருவியில் நனைவதைத் தவிர்க்க வேண்டும். ஓடையின் ஒதுக்கமான பகுதியில் கால் நனைத்து மகிழலாம். ஆண்களின் பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் ஆயத்துதான் முதலில் வருகிறது, அதன் பின்னரே பெண்களுக்கான ஆயத்து (24:30-31) என்பதை ஆண்கள் மறக்க வேண்டாம். அருவியில் நின்று குளித்ததே ஒளுவாகிவிட்டது என்று எண்ணிவிடாமல், கரையேறி முறைப்படி ஒளுச் செய்து கொள்வதே பேணுதல்.

அந்தத் தண்ணீர் நமக்கு மட்டும் உரியதா? ஐயாறு மலையிலிருந்து திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. நாம் குளித்த நீர் கீழே ஒருவர் குளிக்கும் நீர்; ஒரு மாடு குடிக்கும் நீர்; ஒரு வயல் பருகும் நீர். நீர்த்துறையிலும் நடைபாதையிலும் மக்கள் தங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்று நபிமொழி எச்சரிக்கிறது (அபூதாவூத்). ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி முதல் நம் அரசு தடைசெய்திருக்கிறது. அரசு தடுக்காவிட்டாலும், வழியிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானின் கிளையாகக் கொண்ட சமுதாயம், வழியில் தொல்லையைப் போட்டுவிட்டு வரலாமா? பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்த கையாலேயே குப்பையைக் கட்டிக் காரவள்ளிக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுவும், ஒரு ஸாஉ அளவில் குளிப்பும் முடித்ததை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரு முத்து என்பது இரண்டு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவுதான்! அருவியைப் பார்த்துத் திரும்பியவர், வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்வாரானால் அருவியிடமிருந்து அவர் என்ன கற்றார்?

மலைமீது நமக்கு அண்டை அயலாரும் உண்டு. அங்கே வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுவோர். அந்த மலை அவர்கள் வீடு. அவர்கள் விற்கும் தேனுக்கும் மிளகுக்கும் அடிமாட்டு விலை கேட்டு அவமதிக்காதீர்கள். பெண்களைப் படம் எடுக்காதீர்கள். காய்த்த மரத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். அருவிக்குப் போகும் வழி கோயிலை ஒட்டியது. மற்றவர்கள் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்பது இறைக்கட்டளை (6:108). அவர்களுடைய வழிபாட்டில் நாம் சேர்வதில்லை. நீரில் மூழ்கினால் பாவம் போகும் என்று நாம் நம்புவதுமில்லை. நம் பாவத்தைக் கழுவுவது தவ்பாவின் கண்ணீர். ஆயினும் பக்தியோடு வருவோர் முன்னே கூச்சலும் கேலியும் செய்வது நம் மார்க்கத்துக்கே இழுக்கு.

சகோதரர்களே! மலையேறித் தண்ணீர் தேடியவர்களுள் முதலில் நம் நினைவுக்கு வர வேண்டியவர் அன்னை ஹாஜரா (அலை) அவர்கள். ஸஃபாவிலும் மர்வாவிலும் மாறி மாறி ஏழு முறை ஓடினார்கள். கையில் இருந்த நீர் தீர்ந்து, பச்சிளங் குழந்தை தாகத்தால் துடித்த நேரம் அது. குன்றின் மேல் தண்ணீர் இல்லை. குழந்தையின் அருகே ஸம்ஸம் பொங்கியது. தண்ணீர் இல்லாத மலையில் அல்லாஹ்வை மறக்காத ஒரு தாயின் ஓட்டத்தை ஹாஜிகள் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நாமோ தண்ணீர் கொட்டும் மலையில் நின்று அவனை மறப்பதா?

வானிலிருந்து அளவாக நீரை இறக்கிப் பூமியில் தங்க வைப்பதாகவும், அதைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுடையவன் என்றும் அல்லாஹ் கூறுகிறான் (23:18). மழையை மலைக்காடு உறிஞ்சிச் சேமித்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான் மழை நின்ற பின்னும் அருவி விழுகிறது. கோடையில் அதே அருவி மெலிந்து போவதைக் காண்போர் இந்த ஆயத்தின் பொருளைக் கண்ணால் காண்கிறார்கள். மற்றோர் இடத்தில், உள்ளங்கள் இறுகிக் கல்லினும் கடினமானதைச் சொல்லும் திருமறை, கற்களிலிருந்துகூட ஆறுகள் பீறிடுகின்றன, சில கற்கள் இறையச்சத்தால் உருண்டு விழுகின்றன என்று நினைவூட்டுகிறது (2:74). அருவியின் முன்னே நிற்கும்போது அந்தப் பாறையையும் பாருங்கள். பிறகு நம் கல்பைப் பாருங்கள். பாறை நீரை விடுகிறது. அஸருக்கு பாங்கு நேரம் வந்தபோது நம் கல்பு அசைந்ததா?

பயணம் வேதனையின் ஒரு பகுதி; காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புக என்பது நபிமொழியின் கருத்து. வளைவுகளை இறங்கிக் காரவள்ளியை அடைந்ததும் அமீர் ஒரு கேள்வி கேட்கட்டும். "எத்தனை படம் எடுத்தோம்?" என்பதல்ல அந்தக் கேள்வி. "எல்லோரும் தொழுதாயிற்றா?" என்பதே. அனைவரும் ஆம் என்றால், அல்ஹம்துலில்லாஹ்! அந்த நாள் வீணாகவில்லை.

யா அல்லாஹ்! உன் மலைகளைக் கண்டு உன் மகத்துவத்தை உணரும் கண்களை எங்களுக்குத் தந்தருள்வாயாக! எங்கள் பிள்ளைகளை நீரின் ஆபத்திலிருந்தும் பாதையின் ஆபத்திலிருந்தும் காப்பாயாக! மேட்டிலும் பள்ளத்திலும், ஊரிலும் பயணத்திலும் ஐந்து வேளையையும் நேரம் தவறாமல் நிறைவேற்றும் நற்பேற்றை எங்களுக்கும் எங்கள் சந்ததியினருக்கும் வழங்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.